செல்போனுக்குள் ஒரு கங்காணி



சென்ற இதழில் ரேஷன் கார்டு மாற்றுவதில் நடக்கும் இழுத்தடிப்பைப் பற்றி எழுதினேன். இந்த இதழில் நம் சட்டைப் பையில் கிடக்கும் செல்போனைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இதெல்லாம் காலேஜ் பிள்ளைகளின் பேச்சு, கூலிக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. என் குற்றமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அடுத்தவன் குற்றத்தைப் பேசுமுன் தன் குற்றத்தைச் சபையில் வைப்பதுதான் முறை. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் விரல் செய்த வேலை

நான் பத்தாவது வரை படித்தவன். ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பு பல வருஷமாக என்னுடையது. முன்பு அது நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் இருந்தது. சௌகரியம் என்று நினைத்து அத்தனையையும் செல்போனில் ஏற்றினேன். 400க்கு மேற்பட்ட பெயர்கள். வெறும் பெயர் மட்டுமல்ல. ஒரே பெயரில் ஏழு செல்வி, ஒன்பது முருகன் இருக்கிறார்கள் அல்லவா? அடையாளத்துக்காக ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சந்தையும் தொழிலையும் சேர்த்து எழுதி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் தெற்கத்திச் சீமையிலிருந்து ஒரு தங்கை இரண்டு குழந்தைகளோடு தாராவிக்கு வந்து சேர்ந்தாள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். கடைசியாக அவன் அடித்த அடியில் கை ஒடிந்திருந்தது. சங்கத்துப் பெண்கள் அவளுக்கு ஓர் அறையும், முறுக்குப் போடும் இடத்தில் வேலையும் பார்த்துக் கொடுத்தார்கள். பழைய சிம் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது எண் வாங்கினாள். அந்த எண் பெற்ற தாய்க்குத் தெரியும், வேலை கொடுத்த அம்மாவுக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் இரவு டியூட்டி முடிந்து வந்து, யாரோ அனுப்பிய படத்தைப் பார்ப்பதற்காக ஒரு செயலியை என் போனில் இறக்கினேன். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமல்ல. இங்கிலீஷில் அது ஏதோ கேட்டது. சம்மதம் என்று அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும்போல் இருந்தது. அழுத்தினேன். மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்தத் தங்கையும் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக அதே செயலியை வைத்திருந்தாள். புத்திசாலி; தன் முழுப்பெயரைப் போடவில்லை, பிள்ளையின் படத்தைத்தான் வைத்திருந்தாள். சில வாரம் கழித்து, ஊரில் அவள் நாத்தனாரின் போனில் அந்தப் பிள்ளையின் முகம் தானாக வந்து நின்றது. கூடவே ஒரு வரி: ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.’ அதற்கும் கீழே, இருவருக்கும் பொதுவான நண்பர் என்று நம் ஆள் ஒருவரின் பெயர். அவருடைய பக்கத்திலோ நம் பொங்கல் விழாப் படம், சந்தின் பெயர்ப் பலகையோடு!

பத்தாம் நாள் அந்த மனிதன் தாதரில் இறங்கி, சந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

அவளைக் காப்பாற்றியது போலீசும் அல்ல, கம்பெனியும் அல்ல; குழாயடி. தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “யாருப்பா நீ? யாரைப் பார்க்கணும்? இங்கேயே இரு, கேட்டுட்டு வர்றேன்” என்றார். குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய் அந்தத் தங்கையைக் கேட்டார். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தார். திரும்பி வந்து, “அப்படி யாரும் இங்கே இல்லை” என்றார். அதற்குள் ஐந்தாறு பெண்கள் கூடிவிட்டார்கள். அவன் கத்திப் பார்த்துவிட்டுப் போனான். அன்றிரவே அவளை வேறு பகுதிக்கு மாற்றினோம். குழந்தைகளின் படிப்பு நடுவருஷத்தில் நின்றது. பழகிய வேலை போயிற்று. ஓடி வந்தவளை மறுபடி ஓட வைத்தோம்.

என் விரல்தான் காரணமா? ஊரில் தாயின் போனை நோண்டிய தம்பியின் விரலா? நாத்தனாரின் விரலா? மூன்றையும் சேர்த்து அந்த இயந்திரம் முடிச்சுப் போட்டதா? தெரியாது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். இங்கிலீஷில் ஒரு நன்றிக் கடிதம் வந்தது, பதில் வரவில்லை. கொலைகாரனுக்கு வழி காட்டியவன் யார் என்று கேட்கக்கூட இடமில்லாத ஓர் ஏற்பாட்டுக்குள் நாம் அத்தனை பேரும் குடியிருக்கிறோம். அதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஒருவர் கையெழுத்தில் 400 பேர் சரக்கு

எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு கூடை மாம்பழம் வந்தால்கூட, ரயில்வே ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போடாமல் கூடையை வெளியே விடமாட்டேன். ‘பக்கத்து வீட்டுக்காரர்தான், கொடுங்கள்’ என்றால் கொடுப்பேனா? கொடுத்தால் என் வேலை போகும். மாம்பழத்துக்கே இந்தச் சட்டம்!

இந்தக் கம்பெனிகளின் செயலி என்ன செய்கிறது? ‘உங்கள் தொடர்புகளை அணுகலாமா?’ என்று என்னை ஒரு வார்த்தை கேட்கிறது. நான் சரி என்றதும் 400 பேரின் பெயரையும் எண்ணையும் எடுத்துப் போகிறது. அந்த 400 பேரிடம் யார் கேட்டார்கள்? என் எண்ணைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. செல்வியின் எண்ணைக் கொடுக்க நான் யார்? அது அவள் என்னை நம்பிக் கொடுத்தது. அடைக்கலப் பொருளை எடுத்து விற்றவனுக்கு நம் ஊரில் என்ன பெயர்?

இதில் இன்னொரு சூது. அந்தச் செயலியைத் தன் வாழ்நாளில் தொடாதவருடைய எண்ணும் அந்தக் கிடங்குக்குப் போய்விடுகிறது. அவரை அறிந்த பத்துப் பேர் சம்மதம் கொடுத்தால் போதும். பத்துப் பட்டியலிலும் அவர் எண் இருக்கிறது. ஒன்றில் ‘மாமா’, இன்னொன்றில் ‘டெய்லர்’, மற்றொன்றில் ‘யூனியன்’. அவர் யார், யாருக்கு என்ன உறவு, என்ன தொழில், எந்தக் கூட்டத்துக்குப் போகிறவர் என்பது அவர் வாய் திறக்காமலே தெரிந்துவிடும். ‘நான் ஜாக்கிரதையாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உங்கள் கதவுக்கு நீங்கள் பூட்டுப் போட்டீர்கள். சாவி 400 பேர் சட்டைப் பையில் இருக்கிறது.

அன்றைய கங்காணியும் இன்றைய கங்காணியும்

இது நமக்குப் புதிதா? நம் பாட்டன், பூட்டன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் ஆள் பிடிக்க வெள்ளைக்கார துரை தானே கிராமத்துக்கு வரவில்லை. கங்காணியை அனுப்பினான். கங்காணி யார்? அதே ஊர்க்காரன். அண்ணன் முறை, மாமன் முறை. ‘நம்ம மாமாவே கூப்பிடுகிறார்’ என்று நம்பித்தான் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு. உறவு நம்முடையது, லாபம் தோட்ட முதலாளியுடையது. உறவை முதலாக்கிச் சம்பாதிக்கும் வித்தை அன்றே கண்டுபிடிக்கப்பட்டது.

இன்று ‘உங்கள் நண்பர் இதை விரும்புகிறார்’, ‘உங்களுக்குத் தெரிந்த 12 பேர் இங்கே இருக்கிறார்கள்’ என்று போன் சொல்கிறதே, அதுவும் அதே வித்தைதான். சோப்புக் கம்பெனி வந்து சோப்பு நல்லது என்றால் நாம் சிரிப்போம். மச்சான் சொன்னால் வாங்குவோம். ஆகவே மச்சானின் வாயைக் கம்பெனி வாடகைக்கு எடுக்கிறது. வாடகை மச்சானுக்குப் போவதில்லை. அவன் வாய் வாடகைக்குப் போன சங்கதியே அவனுக்குத் தெரிவதில்லை! அன்றைய கங்காணிக்காவது தலைக்காசு கிடைத்தது. இன்று நம்மையெல்லாம் தலைக்காசு இல்லாத கங்காணியாக்கிவிட்டார்கள்.

இது என் கற்பனை அல்ல. வழக்கு மன்றங்களில் ஏறிய கதைகள்.

2007 நவம்பரில் பேஸ்புக் கம்பெனி ‘பீக்கன்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்கள் வேறு ஒரு கடையின் இணையதளத்தில் பொருள் வாங்கினால், அந்தச் செய்தியைப் பேஸ்புக் உங்கள் நண்பர்களுக்கெல்லாம் தண்டோராப் போடும். மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கென்று மோதிரம் வாங்கிய ஒருவரின் ரகசியம், மனைவி உட்பட எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர் சிரித்தது, முதலாளி மன்னிப்புக் கேட்டார், 2009இல் கடையை மூடினார்கள். வழக்கை 95 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார்கள்.

பாடம் படித்தார்களா? 2011இல் வேறு பெயரில் வந்தார்கள். நீங்கள் ஒரு கடையின் பக்கத்தில் ‘விருப்பம்’ என்று அழுத்தினால் போதும். உங்கள் பெயரும் படமும் அந்தக் கடையின் விளம்பரமாகி நண்பர்களின் போனில் தோன்றும். சினிமா நட்சத்திரம் விளம்பரத்தில் நின்றால் லட்சக்கணக்கில் கூலி. நமக்கோ கூலியும் இல்லை, கேள்வியும் இல்லை. வழக்கு நடந்தது. 2013இல் 2 கோடி டாலருக்குச் சமரசம். பணம் கேட்டு மனுப் போட்டவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர். முகத்தின் விலை 15 டாலர்! அதே 2013இல் கூகுள் கம்பெனியும், தன் சேவைகளில் நாம் சொல்லும் கருத்தை நம் பெயரோடும் படத்தோடும் விளம்பரத்தில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. கம்பெனிக்குக் கம்பெனி போட்டியாம். நம்மை விற்பதில் மட்டும் போட்டியே கிடையாது, ஒற்றுமை.

நம் தங்கையின் கதைக்கு அண்ணன் முறையாகும் கதை ஒன்றும் உண்டு. 2010 பிப்ரவரியில் கூகுள், ஜிமெயில் வைத்திருந்தவர்களுக்கு ‘பஸ்’ என்ற ஒன்றைத் திறந்துவிட்டது. யாருக்கு நீங்கள் அடிக்கடி கடிதம் எழுதுகிறீர்களோ அவர்களையெல்லாம் உங்கள் நண்பர்கள் என்று தானே முடிவு செய்து, அந்தப் பட்டியலை ஊர் பார்க்க வைத்தது. வைத்தியருக்குக் கடிதம் எழுதிய நோயாளி, வேறு வேலை தேடி எழுதிய ஊழியர், ஜீவனாம்சத்துக்காக எழுதிக்கொண்ட முன்னாள் கணவன் மனைவி, எல்லோரும் ஒரே இரவில் ‘நண்பர்கள்’. கொடுமைக்காரக் கணவனை விட்டு ஒதுங்கி வாழ்ந்த ஒரு பெண், தன் செய்திகள் அவனுக்குத் திறந்துவிடப்பட்டதைக் கண்டு கொதித்து எழுதினார். ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. 2011இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், 20 வருஷத்துக்கு வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று கூகுளுக்குக் கட்டளையிட்டது. ‘பஸ்’ அந்த வருஷமே மூடப்பட்டது.

அமெரிக்காவில் கேட்க ஓர் ஆணையம் இருந்தது. தாராவியில் ஒரு குழாயடி இருந்தது. வித்தியாசம் அதுதான்.

335 பேர் அழுத்தினார்கள்

நம் நாட்டுக் கணக்கைக் கேளுங்கள். 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா ஊழல் வெடித்தது நினைவிருக்கும். ஆளுமைப் பரீட்சை என்று ஒரு செயலியைப் பேஸ்புக்கில் விட்டு, அதில் விளையாடியவர்களின் விவரத்தையும் அவர்களுடைய நண்பர்களின் விவரத்தையும் வாரிக்கொண்டு போய்த் தேர்தல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் வரை என்று பேஸ்புக்கே சொன்னது. இந்தியாவில்? அந்தச் செயலியைப் போட்டவர்கள் 335 பேர். விவரம் பறிபோயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர்!

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 335 பேர் சம்மதம் என்றார்கள். 5,62,120 பேர் வாயே திறக்கவில்லை. ஒருவர் விரலுக்கு 1,600 பேருக்கு மேல். 2019இல் அமெரிக்க ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது. அந்த 5 லட்சத்துச் சொச்சம் இந்தியர்களுக்கு ஒரு சல்லிக்காசு வந்ததா? நமக்கு இழப்பு; அபராதம் அமெரிக்கக் கஜானாவுக்கு.

வாட்ஸப்பையும் விட்டுவிடக் கூடாது. ஊருக்கும் நமக்கும் நடுவில் ஓடும் தபால்காரன் இன்று அதுதானே. 2014இல் பேஸ்புக் அதை வாங்கியபோது, இரண்டு இடத்துக் கணக்குகளையும் பிழையில்லாமல் பொருத்தும் வழி தன்னிடம் இல்லை என்று ஐரோப்பிய அதிகாரிகளிடம் சொன்னது. 2016 ஆகஸ்டில் புதிய விதி வந்தது: வாட்ஸப் எண்ணைப் பேஸ்புக்கோடு பகிர்வோம், எதற்கு? விளம்பரத்துக்கும், நண்பர்களைப் பரிந்துரைப்பதற்கும்! பொருத்தும் வழி 2014லேயே அவர்களுக்குத் தெரியும் என்று கண்டுபிடித்து, 2017இல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2021இல் இங்கே ‘புதிய விதியை ஒப்புக்கொள், இல்லாவிட்டால் சேவை இல்லை’ என்ற தோரணையில் வந்தார்கள். நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் விளம்பரத்துக்காக விவரத்தைப் பகிர ஆணையம் விதித்திருந்த 5 வருஷத் தடையை நீக்கிவிட்டது. திருடனுக்குப் பணத் தண்டனை உண்டு. கன்னக்கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

‘மறைக்க நமக்கு என்ன இருக்கிறது?’

இப்படிக் கேட்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். ‘நாம் என்ன கள்ளக்கடத்தலா செய்கிறோம்? ஏழைக்கு என்ன ரகசியம்?’ என்கிறார்கள். பணக்காரனுக்கு ரகசியம் போனால் மானம் போகும், வக்கீல் வைத்து மீட்பான். ஏழைக்கு ரகசியம் போனால் வேலை போகும், வீடு போகும், சில சமயம் உயிர் போகும்.

பம்பாய்த் தமிழனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்ற மராத்தி வார இதழ், இந்த நகரத்துக் கம்பெனிகளில் வேலையிலிருந்த தென்னாட்டவரின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. 1966இல் சிவசேனை பிறந்தது. பிறகு என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள். உடுப்பி ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. வேட்டி, லுங்கி கட்டியவன் தெருவில் நடக்க அஞ்சினான். பழைய பகையைக் கிளற இதைச் சொல்லவில்லை. மராத்தித் தொழிலாளியும் நாமும் இன்று ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், ஒரே வண்டியில் தொங்குகிறோம். நான் சொல்வது பட்டியலைப் பற்றி. யார், எங்கே, யாரோடு என்ற பட்டியல் ஒரு காகிதத்தில் இருந்தபோதே அவ்வளவு செய்தது. இன்று அது இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. யார் கையில் எப்போது போகும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

கடன் செயலிகளை மறந்துவிட்டீர்களா? கொரோனா காலத்தில் வேலை இல்லாமல் தவித்தபோது, ‘ஆவணம் வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் 3,000 ரூபாய்’ என்று வந்தார்கள். அடகு எதுவும் கேட்கவில்லை என்று சந்தோஷப்பட்டோம். அடகு வைத்தது நம் தொலைபேசிப் பட்டியலை! தவணை ஒரு நாள் தவறினால் அண்ணனுக்கும் சம்பந்திக்கும் முதலாளிக்கும் போன் போட்டு ‘இவன் திருடன்’ என்றார்கள். பெண்களின் படத்தை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். நாட்டில் பலர் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. அப்படியானால் தொடர்புப் பட்டியல் ஆபத்தான ஆயுதம் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. கடன்காரன் கையில் ஆயுதம் என்றால், விளம்பரக்காரன் கையில் மட்டும் அது விசிறியா?

நல்லதே இல்லையா?

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு எட்டாவது வரை படித்த ஒரு சிநேகிதனை 25 வருஷம் கழித்து இதே ‘தெரிந்தவராக இருக்கலாம்’தான் காட்டிக் கொடுத்தது. அவன் சூரத்தில் துணி மில்லில் இருந்தான். அன்றிரவு இருவரும் போனிலேயே அழுதோம். இதை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மை ஆகாது. ஊரை விட்டு வந்தவனுக்கு உறவைத் தேடித் தருவது பெரிய உபகாரம். நம் சங்கமே அந்த உபகாரத்தால் வளர்ந்ததுதான். வேலை, வீடு, சீட்டு, கல்யாணம், எல்லாமே தெரிந்தவர் மூலம் தெரிந்தவர்தானே?

ஆனால் நாம் எப்படி அறிமுகம் செய்கிறோம்? ‘உன்னைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார், எண்ணைக் கொடுக்கட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்ட பிறகு. வரன் பார்க்கும் தரகர்கூட இரு வீட்டையும் கேட்காமல் ஜாதகத்தைக் கொடுக்கமாட்டார். அந்தப் பெரியம்மா செய்தது என்ன? வந்தவனைக் கேட்டார், உள்ளே இருந்தவளையும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்விதான் அறிமுகத்துக்கும் காட்டிக் கொடுப்பதற்கும் நடுவில் நிற்கும் சுவர். சூரத்துச் சிநேகிதனையும் என்னையும் அப்படி இருவரையும் கேட்டே சேர்த்திருக்கலாம். எங்கள் அழுகை ஒரு சொட்டும் குறைந்திருக்காது. கம்பெனிகளுக்கு அது தெரியாததல்ல. கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள், வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 6 வருஷம் கழித்து, 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர இன்னும் 2 வருஷம். 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது, கம்பெனிகளின் கடமைகளைச் சொல்லும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம்! குடிசைக்காரனைக் காலி செய்ய நோட்டீஸ் ஒட்டும்போது எத்தனை நாள் அவகாசம் தருகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

அந்தச் சட்டத்தில் நமக்கு உதவும் ஒரு வரி இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை, இங்கிலீஷில் மட்டுமல்ல, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் படிக்க வழி செய்ய வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் செயலி தமிழில், ‘உங்கள் சங்கத்தின் 400 பேர் எண்ணையும் எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டிருந்தால் நான் அழுத்தியிருப்பேனா?

ஆனால் அரசை மட்டும் நம்பி உட்கார முடியாது. அரசுக்கே நாக்கில் எச்சில் ஊறுகிறது. நான் சோறு தின்னும் ரயில்வேயைப் பற்றியே சொல்கிறேன். 2022 ஆகஸ்டில், டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம், பயணிகளின் விவரத்தைக் காசாக்கும் வழியைச் சொல்ல ஆலோசகர் தேவை என்று டெண்டர் விட்டது. பெயர், வயது, செல்போன் எண், விலாசம், எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. அம்மா செத்துப் போன செய்தி கேட்டு அழுதுகொண்டே நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் எடுக்கிறோமே, அந்தப் பெயரும்தான். எதிர்ப்புக் கிளம்பியது, நாடாளுமன்றக் குழு கூப்பிட்டுக் கேட்டது, அந்த மாதமே டெண்டரைத் திரும்பப் பெற்றார்கள். கேட்டதால்தான் திரும்பப் பெற்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

‘அவரவர் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது கம்பெனிகள் சொல்லும் பேச்சு. ஒருவர் பட்டியலில் ஊரே இருக்கும்போது தனி ஆள் ஜாக்கிரதை எதற்கு உதவும்? தொழிற்சாலையில் கூலி உயர்வைத் தனி ஆளாகவா வாங்கினோம்? இதுவும் சங்கத்தின் வேலைதான். ஆகவே நம் அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாக வைக்கிறேன்.

உறுப்பினர் பட்டியல் மறுபடி நீல நோட்டுக்குப் போக வேண்டும். பொறுப்பாளர்களின் போனில் சந்து, தொழில், ‘யூனியன்’ போன்ற அடையாளங்களோடு யார் பெயரும் இருக்கக் கூடாது. என் போனில் அத்தனையையும் அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க அறையில் இளைஞர்கள் உட்கார்ந்து, வருகிறவர்களின் போனில் எந்தெந்தச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் திறந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பார்த்து மூடித் தர வேண்டும். மூடினால் மட்டும் போதாது. ஏற்கனவே ஏறிப்போன பட்டியல் கிடங்கிலேயே கிடக்கும். அதை அழிக்கச் செயலிக்குள்ளேயே வழி இருந்தால் தேடி அழிக்க வேண்டும்.

அடி உதைக்கு அஞ்சி வந்த பெண்களின் எண்ணை யாருடைய போனிலும் பெயரோடு பதியக் கூடாது. விழாப் படங்களில் அவர்கள் முகமோ, சந்தின் பலகையோ வரக் கூடாது.

அரசிடமும் கேட்போம். இரண்டு பக்கமும் கேட்காமல் யாரையும் யாருக்கும் காட்டக் கூடாது. ‘பரிந்துரை’ என்பது கேட்டவருக்கு மட்டும் திறக்க வேண்டும். கேட்காதவருக்கு மூடியே இருக்க வேண்டும். ‘இவரை ஏன் எனக்குக் காட்டினாய், என்னை ஏன் அவருக்குக் காட்டினாய்?’ என்று கேட்டால் தமிழில் பதில் சொல்லக் கம்பெனி கடமைப்பட வேண்டும். தாராவிக் குழாயடியில் எழுதப்படாத சட்டம் இது. டெல்லியில் எழுதப்பட்ட சட்டம் ஆகட்டும்.

அந்தத் தங்கை இப்போது வேறோர் இடத்தில் இருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பெண்கள் குழுவில் இருவருக்கு மட்டும் தெரியும். அவர்கள் எந்தப் போனிலும் எழுதி வைக்கவில்லை. போன மாதம் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, “பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், உங்களுக்குச் சொல்லலாமா என்று அவளைக் கேட்டேன், சொல்லச் சொன்னாள்” என்றார்.

கேட்டுவிட்டுச் சொன்னார், பார்த்தீர்களா? உலகத்துப் பெரிய கம்பெனிகளிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.